ஒளிச்சுப் படிக்கிற சனம்

போன மாதம் ஹரோப் பக்கம் ஒரு சாமத்திய வீட்டுக்குப் போயிருந்தேன். மண்டபம் நிறையச் சனம். சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தணித்து, "தம்பி, நான் திரும்பவும் அந்தச் சோதினைக்குக் கட்டியிருக்கிறன். ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதையும்" என்றார். ஏதோ களவு செய்துவிட்டு வந்தவர் மாதிரி சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

அவர் கொழும்பில் சட்டம் படித்து, சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்தவர். இங்கே வந்த நாளிலிருந்து ஒரு சுப்பர்மார்க்கெட் கல்லாவில் நிற்கிறார். இங்கிலாந்தில் சொலிசிற்றர் ஆவதற்கான எஸ்.கியூ.ஈ சோதனையின் முதற்பகுதியை ஒருமுறை எழுதித் தவறிவிட்டார். தவறின கவலையைவிட, தவறினது வெளியில் தெரிந்துவிடுமோ என்ற கவலைதான் அவருக்குப் பெரிது. கேட்கிற ஆட்களுக்கு அவருடைய மனுசன், "அவ சும்மா ஏதோ கோர்ஸ் செய்யிறா" என்று சொல்லி வைத்திருக்கிறாராம்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அக்காவில் இல்லை, எங்கள் எல்லாரிலும்தான். நானும் அதே ஆள்தானே. 2023 ஆடியில் அதே சோதனையை எழுதி, இரண்டு தாளிலும் தவறி, ஒன்றரை வருடம் மனுசியைத் தவிர ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. 2025 தையில் பாஸ் பண்ணின பிறகுதான் "எழுதினனான்" என்று சொன்னேன். அந்தக் கோழைத்தனத்துக்குப் பரிகாரமாகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சோதனை என்னவென்று தெரியாத ஆட்களுக்கு. 2021 செப்டெம்பரில் இருந்து இங்கிலாந்திலும் வேல்சிலும் சொலிசிற்றர் ஆவதற்கு இதுதான் வழி. ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும், சட்டப் பட்டம்தான் வேண்டும் என்றில்லை. முதற்பகுதியில் இரண்டு தாள். ஒரு தாளுக்கு 180 பல்தேர்வு வினா, மொத்தம் 360. புத்தகம் பார்க்க முடியாது. ஒப்பந்தம், தீங்கியல், காணி, நம்பிக்கைப் பொறுப்பு, குற்றவியல், மரணசாசனம், கம்பனி, வழக்கு நடைமுறை, சொலிசிற்றர் கணக்கு என்று எல்லாவற்றையும் கலந்துபோட்டுக் கேட்பார்கள். 90 வினாவுக்கு 2 மணி 33 நிமிடம். ஒரு வினாவுக்கு 1 நிமிடம் 42 செக்கன். அதற்குள் ஒரு சின்னக் கதையை வாசித்து, ஐந்து விடையில் மிகச் சிறந்ததைத் தெரிய வேண்டும். ஐந்தில் இரண்டு மூன்று சரி மாதிரித்தான் தெரியும். அங்கேதான் குழி.

இரண்டாம் பகுதி எழுத்தும் வாயுமாக 16 தனித்தனிச் சோதனை. இதோடு இரண்டு வருட வேலை அனுபவம் காட்ட வேண்டும். வெளிநாட்டில் ஏற்கனவே சட்டத்தரணியாக இருந்தவர்களுக்கு அந்த அனுபவம் தேவையில்லை. ஆறு வருடத்துக்குள் மூன்று தரம்தான் எழுதலாம்.

2024 ஆடியில் முதற்பகுதி எழுதினவர்களில் 44 வீதம் பாஸ். 2025 தையில் 56 வீதம். 2025 ஆடியில் 41 வீதம். அதாவது ஆடியில் எழுதின பத்துப் பேரில் கிட்டத்தட்ட ஆறு பேர் தவறியிருக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் மொக்கரா? ஒக்ஸ்போர்ட்டில் படித்துவிட்டு வந்தவனும் தவறுகிற சோதனையில், இரண்டு பிள்ளையையும் பார்த்து, கல்லாவிலும் நின்ற அக்கா தவறினதில் என்ன வெட்கம்?

சரி, இனி விசயத்துக்கு வருகிறேன். எங்கடை சனம் இந்தச் சோதனையில் தவறுவதற்கு மூளை காரணமில்லை. மூன்று பழக்கம் காரணம். மூன்றையும் நாங்கள் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலாவது, பாடமாக்குகிற பழக்கம்.

நான் யாழ்ப்பாணத்தில் ஏ.எல் படித்தது பொருளாதாரத் தடைக் காலம். கரண்ட் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, நாலு சொட்டு மண்ணெண்ணெய். அந்த விளக்கில் விடிய நாலு மணிக்கு எழும்பி நோட்ஸ் முழுவதையும் வாயால் சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்குவோம். தரப்படுத்தல் வந்து எங்கள் அண்ணன்மாருக்குக் கம்பஸ் வாசலைச் சாத்தின பிறகு, சோதனை என்பது எங்களுக்கு வெறும் சோதனை இல்லை, மானப் பிரச்சினை. அதெல்லாம் எனக்கு விளங்குகிறது. அந்தப் படிப்பை நான் பழிக்கவும் இல்லை.

ஆனால் அதே படிப்பை இங்கே கொண்டுவந்து இறக்கினால் சரிவராது. முதல்தரம் நான் செய்தது அதுதான். கைநூல்களை மூன்று தரம் முதலில் இருந்து கடைசிவரை வாசித்தேன். மஞ்சள், பச்சை, ரோஸ் என்று மூன்று நிறத்தில் கோடு போட்டேன். மூன்றாம் தரம் வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. "தெரிந்த மாதிரி" என்பதைக் கவனியுங்கள். பார்த்த முகம் என்பது வேறு, பேர் சொல்லத் தெரிவது வேறு. சோதனை மண்டபத்தில் எனக்கு எல்லாம் பார்த்த முகமாகவே இருந்தது, ஒன்றின் பேரும் வரவில்லை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் மாணவர்களை வைத்துச் செய்து காட்டினார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்து வைத்ததில், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முன்னுக்கு வந்துவிட்டார்கள். திரும்ப வாசிப்பது மனதுக்குச் சுகம். மூடிவிட்டுக் கேட்பது வலி. அந்த வலிதான் படிப்பு.

இரண்டாம்தரம் நான் கைநூலை ஒரு தரம்தான் வாசித்தேன். மிச்ச நேரம் முழுக்க வினா. முதல் கிழமையில் இருந்தே வினா. பிழை விட்டதை ஒரு கொப்பியில் எழுதினேன். ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் காரணம்: சட்டம் தெரியாது, சட்டம் தெரியும் வினாவைப் பிழையாக வாசித்தேன், நேரம் போனதால் குருட்டாம்போக்கில் போட்டேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எனக்கே அதிர்ச்சி. பாதிக்கு மேல் இரண்டாவது வகை! நான் சட்டம் தெரியாமல் தவறவில்லை, கடைசி வரியில் என்ன கேட்கிறான் என்று பார்க்காமல் தவறியிருக்கிறேன். மூன்று நிறத்தில் கோடு போட்டு இதை எந்தக் காலத்தில் கண்டுபிடித்திருப்பேன்?

இன்னொன்று. எங்கள் ஆட்கள் பலர் குடிவரவு வழக்கு அலுவலகங்களில் வருடக்கணக்காக வேலை செய்தவர்கள். "எனக்குச் சட்டம் தண்ணிபட்ட பாடு" என்று நினைப்பு. ஆனால் இந்தச் சோதனையில் குடிவரவுச் சட்டம் ஒரு பாடமே இல்லை. தெரிந்ததைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருக்காமல், பயந்து ஒதுக்கி வைத்ததை முதலில் தொடுங்கள். எனக்கு அது சொலிசிற்றர் கணக்கு. வாடிக்கையாளர் காசையும் அலுவலகக் காசையும் ஒருநாளும் கலக்கக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. சீட்டுக் காசைக் கடைக் கல்லாவுக்குள் போட்டவன் கதையெல்லாம் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது விளங்காதா என்ன? விளங்கும். பயம்தான் விடவில்லை.

இரண்டாவது, "படி படி" என்று சொல்லிவிட்டு நேரம் கொடுக்காத பழக்கம்.

பிள்ளைக்கு லெவன் பிளஸ் சோதனை என்றால் வீட்டில் தொலைக்காட்சி ஓடாது. ஒரு வருடத்துக்குக் கொண்டாட்டம் இல்லை. சனிக்கிழமை ரியூசன், ஞாயிறு ரியூசன், காசு தண்ணீராய் ஓடும். அதே வீட்டில் நாற்பது வயதுத் தாய் சோதனை எழுதினால்? "சமைச்சு வைச்சிட்டுப் படியுமன்." சனிக்கிழமை பிறந்தநாள், ஞாயிற்றுக்கிழமை கலியாணம், நடுவில் கோயில் திருவிழா. போகாவிட்டால், "அவவுக்கு இப்ப பெருமை கூடிப்போச்சு." போனால், "உந்த வயசிலை என்ன சோதினை?"

திட்டம் போடுவது என்றால் எங்கள் ஆட்கள் ஒரு கலர் கலரான நேரசூசி கீறிச் சுவரில் ஒட்டுவார்கள். நேரசூசி திட்டம் இல்லை. யார் சமைப்பது, யார் பிள்ளையை நீச்சலுக்குக் கூட்டிப்போவது, எந்த நாலு கொண்டாட்டத்துக்குப் போகிறோம், எந்தப் பதினைந்துக்குப் போவதில்லை என்று வீட்டில் இருந்து பேசி முடிவெடுப்பதுதான் திட்டம். என்னுடையது இதுதான்: திங்கள் முதல் வியாழன் வரை விடிய 5 மணியில் இருந்து 6:30 வரை, சனி 3 மணித்தியாலம், ஞாயிறு 5 மணித்தியாலம். வெள்ளி ஓய்வு. கிழமைக்கு 14 மணித்தியாலம். 24 கிழமைக்கு 336. வேலையை விடவில்லை, இரவு முழுக்க முழித்திருக்கவும் இல்லை. கடைசி ஆறு கிழமை சனி ஞாயிறுகளில் 90 வினாவை மணிக்கூடு வைத்து ஒரே இருப்பில் செய்தேன். இந்த 336இல் ஒரு மணித்தியாலமும் என் கெட்டித்தனத்தால் வந்ததில்லை. மனுசி விட்டுத் தந்தது. இதை எத்தனை ஆம்பிளைகள் தங்கள் மனுசிமாருக்கு விட்டுத் தருகிறீர்கள்? கையை உயர்த்துங்கள் பார்ப்போம்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஒளிக்கிற பழக்கம்.

கண்ணூறு பட்டுவிடும் என்று சொல்வதில்லை. தவறினால் வெட்கம் என்று சொல்வதில்லை. பாஸ் பண்ணினால் மட்டும் முகப்புத்தகத்தில் மாலையோடு படம். இதனால் என்ன நடக்கிறது? வெற்றி மட்டும்தான் ஊருக்குத் தெரிகிறது. தவறினவன் எப்படித் தவறினான் என்று ஒருவருக்கும் தெரியாது. அடுத்தவன் வந்து அதே குழியில் விழுகிறான். முன்னூறு மீற்றர் தள்ளியிருக்கிற இரண்டு வீட்டில் இரண்டு பேர் ஒரே சோதனைக்கு, ஒருவரை ஒருவர் தெரியாமல், தனித்தனியாகக் காசு கொட்டி, தனித்தனியாக அழுதுகொண்டிருக்கிறார்கள். கொட்டுவதும் சின்னக் காசில்லை. இரண்டு பகுதிக்கும் சோதனைக் கட்டணம் மட்டும் 2021இல் 3,980 பவுண்ஸ், 2024 செப்டெம்பரில் 4,790. பயிற்சி வகுப்புக்காசு அதற்குப் புறம்பு.

இந்த இடத்தில் சிலர் கேட்பீர்கள்: "சோதனையே அநியாயம் எண்டு சொல்லுறாங்களே, அதை ஏன் சொல்லேல்லை?" சொல்கிறேன். சொலிசிற்றர்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை வெளியிடுகிற அறிக்கைகளிலேயே வெள்ளையரை விட ஆசியரும் கறுப்பரும் குறைந்த வீதத்தில்தான் பாஸ் பண்ணுகிறார்கள். 2024 தையில் எழுதினவர்களில் 175 பேருக்கு, பாஸ் பண்ணியிருந்தும், தவறியதாகப் பெறுபேறு அனுப்பிவிட்டு, சித்திரையில்தான் கணக்குப் பிழை என்று மன்னிப்புக் கேட்டார்கள். அதற்கிடையில் வேலை வாய்ப்பை இழந்தவர்களும் உண்டு. கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒளித்துக்கொண்டிருக்கிறவன் எப்படிக் கேள்வி கேட்பது? "நான் எழுதினேன், இது எனக்கு நடந்தது" என்று சொல்ல ஆள் வேண்டுமே. எங்களில் எத்தனை பேர் எழுதுகிறோம் என்று எங்களுக்கே தெரியாதபோது, யார் எங்களுக்காகப் பேசுவது?

உதெல்லாம் எதற்கு, வந்தமா உழைச்சமா இருந்தமா என்று போகலாம்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2001இல் நான் இந்த நாட்டில் அகதி விண்ணப்பம் போட்டபோது, ஒரு அறைக்குள் மேசை போட்டிருந்த ஒருவர்தான் என் வாக்குமூலத்தை எழுதினார். அவருக்கு எந்தச் சட்டத் தகுதியும் இருக்கவில்லை என்பது பிறகுதான் தெரியும். வேறு யாருடையதோ கதையில் பேரை மாற்றி என்னுடையதாக அனுப்பிவிட்டார். நான் பிடிபட்ட வருடம் பிழை, முகாம் பிழை. மறுப்புக் கடிதத்தில் "நம்பத்தக்கவர் அல்ல" என்று இருந்தது. அந்த ஒரு சொல்லைக் கழுவ எனக்கு ஏழு வருடம் போனது. தகுதியில்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் சனம் அப்படியான அறைகளைத் தேடித்தான் போனது, ஏனென்றால் அங்கேதான் தமிழ் கேட்டது. தமிழில் கதை கேட்டு, ஆங்கிலத்தில் நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய ஒருவர் எனக்கு அன்று கிடைக்கவில்லை. கல்லாவில் நிற்கிற அக்கா அந்த ஒருவராக இருந்திருக்கலாம். அவரைத்தான் நாங்கள் "சும்மா ஏதோ கோர்ஸ்" என்று ஒளித்து வைத்திருக்கிறோம்.

ஆகவே அக்கா, இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் பேரை நான் சொல்லவில்லை, வாக்கு வாக்குத்தான். ஆனால் நீங்களே சொல்லுங்கள். மனுசனுக்கு இந்தப் பதிவைக் காட்டி, ஞாயிற்றுக்கிழமைச் சமையலை அவரிடம் கொடுங்கள். என் பிழைக் கொப்பி இருக்கிறது, வந்து எடுங்கள். உங்களைப்போல் இன்னும் இரண்டு பேர் எனக்குத் தெரியும், அவர்களும் ஒளித்துத்தான் படிக்கிறார்கள். நாலு பேரும் ஒரு மேசையில் இருந்தால் 90 வினாவை ஆளுக்கு ஆள் கேட்டுச் சண்டை பிடிக்கலாம். ஒரு ரியூசன் மாஸ்ரராலும் அதைத் தர ஏலாது.

பி.கு: வருகிற சித்திரையில் நான் இரண்டாம் பகுதி எழுதுகிறேன். இப்போது எல்லாருக்கும் தெரியும். பாஸ் பண்ணினால் இங்கே எழுதுவேன். தவறினாலும் இங்கேதான் எழுதுவேன், எந்த இடத்தில் சறுக்கினேன் என்பதோடு சேர்த்து. கண்ணூறு போடுகிற ஆட்கள் தாராளமாகப் போடலாம்.