ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்

போன வாரம் அக்கா கும்பகோணத்திலிருந்து போன் பண்ணினாள். நலம் விசாரிப்பெல்லாம் அரை நிமிஷத்தில் முடிந்தது. "டேய், ஒரு பான் நம்பர் அனுப்பறேன். அந்தப் பையனோட சிபில் ஸ்கோர் என்னன்னு உன் ஆபீஸ்ல பார்த்துச் சொல்லு. உனக்கு ஒரு நிமிஷ வேலைதானே?"

ஒரு நிமிஷ வேலைதான். விஷயம் வெளியே தெரிந்தால் அப்புறம் எனக்கு வேலையே இருக்காது. :-)

கடன் கேட்டு வந்தவருடைய ரிப்போர்ட்டைத்தான், அதுவும் அந்தக் கடனுக்காகத்தான் எடுக்க முடியும். 2005-லேயே இதற்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. எந்த வங்கி, எந்தத் தேதியில் எடுத்தது என்பது ரிப்போர்ட்டிலேயே பதிவாகும். இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "சொந்த அக்கா பொண்ணுக்கு இதுகூட செய்ய மாட்டியா?" என்று போனை வைத்துவிட்டாள்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2025 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் மூர்த்திஜாபூரில் ஒரு கல்யாணம் நின்று போன செய்தி. எல்லாம் பேசி முடிக்கிற நேரத்தில் பெண்ணின் மாமா பையனுடைய சிபில் பார்க்க வேண்டும் என்றாராம். பார்த்தால் ஊர்ப்பட்ட கடன், ஸ்கோர் படு மோசம். வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்கள். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுமத்தில் மட்டும் அது நாலு தடவை வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கடனை மறைத்துக் கட்டிக்கொண்டவனின் தவணை கடைசியில் யார் சம்பளத்திலிருந்து, யார் வளையலிலிருந்து போகிறது என்று நகைக்கடன் கவுன்ட்டரில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அந்த மாமா செய்ததில் தப்பே இல்லை.

எனக்குக் கடுப்பு வேறு இடத்தில்.

எங்கள் அத்தான் இருக்கிறாரே, அவருக்கு டேட்டிங் என்ற வார்த்தையே ஆகாது. 2024-ல் எங்கள் ஊர் ஹைடெக் சிட்டி பக்கம் ஒரு கும்பலைப் போலீஸ் பிடித்தது. டேட்டிங் ஆப்பில் பெண்களை விட்டுப் பழக வைத்து, பப்புக்கு வரச் சொல்லி, பையன் தலையில் ஆயிரக்கணக்கில் பில்லைக் கட்டுவது. சரக்கு மேஜைக்கு வந்ததும் பெண் மாயமாகிவிடுவாள். டில்லியிலிருந்து வந்து கடை போட்ட கும்பல். அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு அத்தான் இன்றைக்கு வரைக்கும் பாடம் நடத்துகிறார். "இதுக்குத்தான் பெரியவங்க பார்த்துப் பண்ணணுங்கறது."

சரி அத்தான், பெரியவங்க பார்த்ததையே பேசுவோம்.

அக்கா பெண் எங்களோடு தார்நாகாவில்தான் இருக்கிறாள். மூன்று வருஷமாக வேலைக்குப் போகிறாள். ஜாதகம் பொருந்தி, போட்டோ பிடித்து, இரண்டு வீட்டிலும் பேசி, "முதல்ல சின்னவங்க பார்த்துப் பேசட்டும்" என்று பெருந்தன்மையாக அனுப்பி வைத்த சந்திப்புகள் இதுவரை மூன்று. மூன்றும் காபிக் கடையில். ஆப்பில் பிடித்த ஆள் ஒருவர்கூட இல்லை, எல்லாம் பெரியவர்கள் சலித்தெடுத்த மணிகள்.

முதல் மணி நாற்பது நிமிஷம் லேட். இவள் தார்நாகாவில் மெட்ரோ ஏறி, ஹைடெக் சிட்டியில் இறங்கி, நேரத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறாள். வந்தவர் சாரி சொல்லவில்லை, காதிலிருந்து இயர்போனை எடுக்கவும் இல்லை. நடுநடுவே "ம்... கேக்கறேம்மா" என்றாராம். அப்புறம்தான் இவளுக்குப் புரிந்தது, அம்மா லைனில் இருந்துகொண்டு கேள்வி எடுத்துக் கொடுக்கிறார்!

மூன்றாமவர் கண்ணாடியைக் கழற்றிக் காட்டச் சொன்னார். பவர் எவ்வளவு, பரம்பரையா என்று விசாரணை. பிறகு "இதுக்கு முன்னாடி யாரையாவது லவ் பண்ணியிருக்கீங்களா?" இவள் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டதும் "பசங்களுக்கு அதெல்லாம் சகஜங்க" என்று பதில். அந்தக் காபிக்கு இவள்தான் பணம் கொடுத்தாளாம், சீக்கிரம் கிளம்பலாமே என்று.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இரண்டாமவர். படித்தவர், மரியாதையாகப் பேசியவர். உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் சம்பளம் கேட்டார். சொன்னாள். சி.டி.சி.யா, கைக்கு வருவதா? சொன்னாள். பி.எஃப் எவ்வளவு பிடிக்கிறார்கள்? கல்விக் கடன் பாக்கி உண்டா? கல்யாணத்துக்குப் பிறகு சம்பளம் எந்தக் கணக்குக்குப் போகும்? போன மாத பே ஸ்லிப் மொபைலில் இருக்குமா, சும்மா ஒரு பார்வைக்கு?

இவளும் பே ஸ்லிப்பைக் காட்டியிருக்கிறாள். காட்டிவிட்டு, "உங்களோடது?" என்றாள். அவர் முகம் மாறிவிட்டது. "அதெல்லாம் எங்க அப்பா உங்க அப்பாகிட்ட பேசுவார்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது கேட்டாள், "மாமா, உங்க பேங்க்ல லோன் கேட்டு வர்றவங்களை இப்படித்தான் விசாரிப்பீங்களா?"

அம்மா தாயே, நாங்கள் இதைவிட எவ்வளவோ மேல். பே ஸ்லிப் கேட்கிறோம், படிவம் பதினாறு கேட்கிறோம், வாஸ்தவம். ஆனால் வந்தவரும் எங்களைக் கேட்கலாம். வட்டி எவ்வளவு, என்னென்ன கட்டணம் என்று எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். முக்கியமான விஷயம், முடியாது என்றால் சும்மா இருக்க முடியாது. ரிசர்வ் வங்கி 2003-ல் கடன் கொடுப்பவர்களுக்கென்று ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. விண்ணப்பத்தை நிராகரித்தால் என்ன காரணம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. டிராக்டர் கடன் கேட்டு வருகிறவருக்குக் கிடைக்கிற மரியாதை, நகை நட்டெல்லாம் போட்டு உட்கார வைக்கிற நம் வீட்டுப் பெண்ணுக்குக் கிடையாது.

அவளைச் சந்தித்த மூன்று பேரில் ஒருவர்கூட பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்று ஒரு வரி? ஊஹூம். மூன்றாமவருக்காவது பரவாயில்லை, இவளே வேண்டாம் என்றிருப்பாள். ஆனால் அந்த முதல் இரண்டு வீட்டுக்கும் அக்கா ஒரு மாதம் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதற்கு கோஸ்ட்டிங் என்று பேர் வைத்து, ஏதோ ஆப் வந்த பிறகு வந்த வியாதி மாதிரி பேசுகிறார்கள். அட போங்கப்பா! சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, பாடச் சொல்லிக் கேட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போன தாத்தாக்கள் கண்டுபிடித்தது அது.

2016-ல் இங்கே 'பெள்ளி சூப்புலு' என்று ஒரு தெலுங்குப் படம் வந்தது. பெள்ளி சூப்புலு என்றால் பெண் பார்த்தல். அட்ரஸ் மாறிப் போன பையனும் அந்த வீட்டுப் பெண்ணும் அறைக்குள் மாட்டிக்கொள்வார்கள், கதவு திறக்காது. வேறு வழியில்லாமல் பேச ஆரம்பிப்பார்கள். இரண்டு பேர் மனிதர்களாகப் பேசிக்கொள்ள நம்மூரில் கதவு ரிப்பேராக வேண்டியிருக்கிறது.

அத்தானுக்கு நான் சொல்ல வருவது இதுதான். ஆப்பா, ஜாதகமா என்பதல்ல சண்டை. ஒரு பக்கம் அதிகாரி நாற்காலி, எதிரே ஸ்டூல் என்று போட்டால் எந்த வழியில் வந்தவனும் அப்படித்தான் நடப்பான். இப்போது அக்கா பான் நம்பரோடு நிற்கிறாளே, அவளும் அதே நாற்காலிக்குத்தான் ஆசைப்படுகிறாள். கடன் விவரம் தெரிய வேண்டுமா, பையனிடம் நேராகக் கேட்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை அவரவர் ரிப்போர்ட்டை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அவர் காட்டட்டும், நம் பெண்ணும் காட்டட்டும். முதுகுக்குப் பின்னால் என் கம்ப்யூட்டரில் வேண்டாம்.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா? 2004-ல் மாயவரம் பக்கம் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனேன். வாழைக்காய் பஜ்ஜி, கேசரி. அந்தப் பெண் பி.காம் என்றதும் எனக்கு உற்சாகமாகி, எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டேன். காஸ்ட் அக்கவுன்டிங் என்றாள். நானும் அதேதான் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் பெரியப்பா எழுந்துவிட்டார். லெட்டர் போடறோம் என்றார். வழியிலேயே அம்மாவுக்கு ஏதோ பிடிக்கவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த அப்பா எங்கள் தெருமுனை எஸ்.டி.டி பூத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணினார். இரண்டாவது தடவை பூத்துக்காரர் வந்து கூப்பிட்டபோது நான் வீட்டில்தான் இருந்தேன். இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பான் நம்பர் பையன் தார்நாகாவுக்கே வருகிறார். சரியோ இல்லையோ, செவ்வாய்க்கிழமைக்குள் நானே போன் பண்ணிச் சொல்லிவிடுவேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். "பொண்ணு வீட்டுக்காரங்க முதல்ல பேசறதாடா?" என்கிறாள். ரவை வாங்கியாச்சு.