80 வருஷ கண்டம்: லண்டன் ஃபிளாட்காரர்கள் லீசை இப்போதே நீட்டிப்பதா, காத்திருப்பதா?

லண்டன்:

லண்டனில் ஃபிளாட் வாங்கியவர்கள் இன்று ராத்திரி ஒரு வேலை செய்ய வேண்டும். பீரோவில் கிடக்கும் லீஸ் பத்திரத்தை எடுத்து, இன்னும் எத்தனை வருஷம் பாக்கி என்று எண்ண வேண்டும். 80-ஐ நெருங்கிவிட்டால் ஆபத்து. தாண்டி கீழே போய்விட்டால் பல ஆயிரம் பவுண்டு எகிறும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

இங்கிலாந்து, வேல்சில் ஃபிளாட் வாங்கினாலும் கட்டிடமும் நிலமும் ஃப்ரீஹோல்டர் எனப்படும் நில உரிமையாளருக்குத்தான் சொந்தம். வாங்கியவருக்கு கிடைப்பது 99 அல்லது 125 வருஷ குத்தகை. தவணை கட்டி முடித்தாலும் குத்தகை காலம் தேய்ந்துகொண்டே வரும். வருஷம் குறையக் குறைய விலை இறங்கும். வங்கிகள் கடன் கொடுக்க யோசிக்கும். விற்கப் போனால் வாங்க வருபவர் ஓடிவிடுவார்.

ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட், வெம்ப்ளி, ஹாரோ, டூட்டிங் என்று தமிழர்கள் அதிகம் வாழும் பகுதிகளிலும் இதே கதைதான்.

யாருக்கு சிக்கல்?

கணக்கு எளிது. 2007-ல் தொடங்கிய 99 வருஷ லீசுக்கு 2026-ல் பாக்கி 80. கவுன்சில் வீடுகளை குடியிருந்தவர்களுக்கே விற்கும் திட்டத்தில் 1981-ல் 125 வருஷத்துக்கு எழுதிய லீசுக்கும் 2026-ல் அதே 80-தான். 1985-ல் 99 வருஷத்துக்கு எழுதியதாக இருந்தால் 58-க்கு இறங்கிவிட்டது.

பாதிப்பங்கு யாருக்கு?

1993-ம் ஆண்டு சட்டப்படி ஃபிளாட்காரர் கேட்டால் பாக்கி காலத்தோடு 90 வருஷம் சேர்த்துக் கொடுத்தே ஆக வேண்டும். நில வாடகையும் ரத்தாகும். ஆனால் இதற்கு விலை உண்டு.

80 வருஷத்துக்கு மேல் ஒரு நாள் இருந்தாலும் தப்பித்தீர்கள். 80-ஓ அதற்கு கீழேயோ என்றால் 'மேரேஜ் வேல்யூ' என்று ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். லீசை நீட்டிப்பதால் வீட்டு விலை கூடுகிறது அல்லவா, அந்த லாபத்தில் சரிபாதி நில உரிமையாளருக்கு.

ஒரு மாதிரிக் கணக்கு. லீஸ் பாக்கி 70 வருஷம். இப்போதைய விலை 2,67,000 பவுண்டு. நீட்டித்தால் 3 லட்சம். நில உரிமையாளர் இழக்கும் உரிமையின் மதிப்பு 11 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். கூடும் 33 ஆயிரத்தில் அந்த 11 ஆயிரம் போக மீதி 22 ஆயிரம். அதில் பாதி 11 ஆயிரம். ஆக மொத்தம் 22 ஆயிரம் கட்ட வேண்டும். மேரேஜ் வேல்யூ இல்லை என்றால் 11 ஆயிரத்தோடு முடிந்திருக்கும். வக்கீல், சர்வேயர் செலவு தனி. இந்தப் பழைய முறையில் எதிர்த்தரப்பின் நியாயமான செலவும் நம் தலையில்தான்.

புது சட்டம் என்ன ஆச்சு?

2024 மே 24-ந்தேதி புதிய சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது. மேரேஜ் வேல்யூ ஒழிப்பு, 90-க்கு பதில் 990 வருஷம், பெரும்பாலும் அவரவர் செலவை அவரவரே பார்த்துக்கொள்வது என்று கேட்கவே இனிப்பான விஷயங்கள் அதில் உள்ளன.

ஆனால் எல்லாம் ஒரே நாளில் அமலாகவில்லை. வாங்கி 2 வருஷம் ஆன பிறகே லீஸ் நீட்டிப்பு கேட்கலாம் என்ற விதி மட்டும் 2025 ஜனவரி 31-ல் நீக்கப்பட்டது. மேரேஜ் வேல்யூ ஒழிப்பை எதிர்த்து நில உரிமையாளர்கள் கோர்ட்டுக்கு போனார்கள். 2025 அக்டோபரில் ஐகோர்ட் அவர்களின் வழக்கை தள்ளுபடி செய்தது. அதற்காக மறுநாளே விலை குறைந்துவிடவில்லை. விலையைக் கணக்கிடும் விகிதங்களை அரசு நிர்ணயித்து, அமல்படுத்த தனி உத்தரவும் போட வேண்டும். அந்த உத்தரவு வரும் வரை பழைய கணக்குதான்.

காத்திருக்கலாமா?

'சட்டம் வரட்டும், பார்த்துக்கலாம்' என்பது எல்லோருக்கும் பொருந்தாது.

85, 90 வருஷம் பாக்கி உள்ளவர்கள் பதற வேண்டாம். பொறுத்துப் பார்க்கலாம்.

81, 82-ல் நிற்பவர்கள்தான் உஷாராக வேண்டும். முறைப்படி நோட்டீஸ் கொடுத்த தேதியில் எத்தனை வருஷம் பாக்கியோ அதை வைத்துத்தான் விலை. பேரம் ஒரு வருஷம் இழுத்தாலும் அந்தத் தேதி மாறாது. எனவே 80-க்கு முன் நோட்டீஸ் போய்விட்டால் மேரேஜ் வேல்யூ கிடையாது.

ஏற்கனவே 80-க்கு கீழே போனவர்கள் தங்கள் தேவையை பார்க்க வேண்டும். வீட்டை விற்கப் போகிறீர்களா, மறுகடன் வாங்க வேண்டுமா? அப்படியானால் காத்திருப்பது கஷ்டம். அங்கேயே குடியிருக்கப் போகிறவர், அவசரமில்லாதவர் என்றால் பொறுத்தால் லாபம் வரலாம். ஆனால் சட்டம் தாமதமாகும் ஒவ்வொரு வருஷமும் லீசில் ஒரு வருஷம் போகும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இதிலெல்லாம் ஏமாறாதீர்கள்

* நில உரிமையாளர் 'கேஸ் எதுக்கு, நாமளே பேசி முடிச்சிக்கலாம்' என்று வந்தால் வருஷத்தை எண்ணுங்கள். 99 வருஷ லீசை 'ஆரம்ப தேதியிலிருந்து 125' என்று மாற்றினால் கூடுவது வெறும் 26 வருஷம். சட்டப்படி போனால் 90.

* நோட்டீசுக்கு பதில் தர குறைந்தது 2 மாதம் அவகாசம் தர வேண்டும். பதில் வந்தும் விலை படியவில்லை என்றால் அன்றிலிருந்து 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு போக வேண்டும். கோட்டைவிட்டால் நோட்டீஸ் காலி. அடுத்த நோட்டீசுக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் 80 தாண்டிவிடும்.

* புதிதாக வாங்குபவர்கள், விற்பவரையே நோட்டீஸ் கொடுக்க வைத்து, அந்த உரிமையை வீட்டோடு தன் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அரசு நிதியில் இயங்கும் லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீசில் ஆலோசனை இலவசம். வக்கீலுக்கு காசு கொடுக்கும் முன் அங்கே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.