ஞாயிறும் தோலும்

சித்திரைப் புத்தாண்டை அடுத்த நாட்களில் யாழ்ப்பாணத்திலே நண்பகல் வேளையில் ஒரு வேடிக்கை நிகழ்வதுண்டு. முற்றத்தில் நாட்டிய கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கி மறைந்துவிடும். நமது குடாநாடு பூமத்திய கோட்டிற்கு வடக்கே ஏறக்குறைய 9.7 பாகையிற் கிடக்கிறது. ஏப்ரல் 15ஆந் திகதியளவில் ஞாயிறும் அதே பாகைக்கு வந்து சேர்கிறான். ஓகஸ்ட் மாத இறுதியில், நல்லூர்த் திருவிழாவை ஒட்டி, தெற்கே திரும்பும் வழியில் இன்னுமொரு முறை நம் உச்சிக்கு நேரே நிற்கிறான். மருதனார்மடச் சந்தையிலே காலையில் மரக்கறியை இறக்கிவிட்டு, மீண்டும் செம்பாட்டுத் தோட்டத்துக்கு வெங்காயத்திற்கு நீர் பாய்ச்சப் போகும் கமக்காரருக்கு இதை நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அவருடைய முதுகே அதை அறியும்.

இந்த ஞாயிற்றைப் பற்றி நம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகளுக்கு வயது பதினாறு. முழங்கையிலும் கண்ணிமையின் ஓரத்திலும் வெள்ளைத் திட்டுக்கள் தோன்றியிருக்கின்றனவாம். "வெயில் பட்டால் வெள்ளை படரும், பிள்ளையை வெளியில் விடாதே என்கிறார் ஒருவர். கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிறுத்து, மாறிவிடும் என்கிறார் மற்றொருவர். நாம் எவர் சொல்லைக் கேட்பது?" என்பது அவருடைய கேள்வி. கடிதத்தின் அடியில், சிறிய எழுத்திலே, "இது குட்டந்தானோ?" என்றும் ஒரு வரி இருக்கிறது. அந்தச் சிறிய எழுத்து வரிக்கே முதலில் விடை சொல்ல விரும்புகிறோம்.

இது குட்டம் அன்று. குட்டத்தின் இனமும் அன்று. குட்டரோகம் ஒரு நுண்கிருமியால் வருவது; நரம்பைத் தாக்குவது. அதனால் உண்டாகும் வெளிறிய திட்டிலே பெரும்பாலும் உணர்ச்சி மங்கியிருக்கும். இந்த வெள்ளையிலோ உணர்ச்சிக்கு ஒரு குறையும் இல்லை. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. தோலிலே மெலனின் என்னும் கருநிறப் பொருளை ஆக்கும் கலங்கள் உண்டு. உடலைக் காக்கவேண்டிய வெண்குருதிக் கலங்களிற் சில வழிதவறி, அந்த நிறக் கலங்களைப் பகையென எண்ணி அழித்துவிடுகின்றன. நடப்பது இவ்வளவே. உலகத்திலே நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவில் இது காணப்படுகிறது. நம்மைப் போன்ற மாநிறத்தாரிடம் திட்டு எடுப்பாய்த் தெரிவதால் துயரம் அதிகமாகிறது. மீனையும் தயிரையும் ஒன்றாய் உண்டதால் வந்தது என்பாரும் உளர். அதற்கு ஆதாரம் கிடையாது. பிள்ளையின் தட்டிலிருந்து மீனை எடுத்துவிடுவதால் சத்துக் குறைவதே மிச்சம்.

இப்படியிருக்க, "வெண்குட்டம்" என்னும் பெயரை எந்தப் புண்ணியவான் வைத்தாரோ! மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவிலே நோயாளரை ஊரினின்றும் பிரித்து வைத்திருந்த காலத்தின் அச்சமெல்லாம் அந்த ஒரு சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. (குட்டரோகமே இன்று அஞ்சத்தக்கதாக இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்தினால் ஓராண்டுக்குள் அது குணமாகிறது என்பதையும் இங்கே சொல்லிவைக்கவேண்டும்.) தமிழ்நாட்டிலே இப்பெயரை ஒழித்து "வெண்புள்ளி" என்று வழங்கவேண்டுமென ஓர் இயக்கமே எழுந்து முயன்று வருகிறது. நமக்கு மிக அண்மையிலுள்ள மானிப்பாயில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கிக் கற்பித்தார் சாமுவேல் கிறீன் வைத்தியர். மருத்துவத்தில் ஒரு சொல்லை எவ்வளவு கவனமாய்த் தெரியவேண்டும் என்பதை யாழ்ப்பாணத்தார் அன்றே கண்டவர்கள். ஆயினும் கலியாணப் பேச்சுக்கால் நடக்கும் வீடுகளில் இன்றும் அந்தப் பழைய பெயரே காதோடு காதாகச் சொல்லப்படுகிறது. நாமும் இக்கட்டுரையில் வெண்புள்ளி என்றே எழுதுவோம்.

இனி, கார்போகரிசிக்கு வருவோம். தாயாருக்கு அதைச் சொன்னவர் வெறும் கட்டுக்கதை சொல்லவில்லை. நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாய் வெண்புள்ளிக்குக் கையாண்டுவரும் விதை அது. வடமொழியில் பாகுசி எனப்படும். எகிப்திலும் இதே முறை வேறொரு செடியைக் கொண்டு வழங்கிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இபின் அல் பைத்தார் என்னும் அரபு மூலிகை அறிஞர், அந்தச் செடியின் விதையை உண்பித்து நோயாளியை வெயிலில் இருத்தும் வழக்கத்தைக் குறித்து வைத்துள்ளார். இரண்டு நாட்டாரும், மருந்து தனியே பயன்படாது, வெயிலும் வேண்டும் என்று கண்டுகொண்டதுதான் வியப்பு.

ஏன் வெயில் வேண்டும் என்பதை இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுகூடங்களே விளக்கின. 1933இல் இந்திய இரசாயன அறிஞர்களாகிய ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கடராவ் ஆகியோர் கார்போகரிசியினின்றும் சொராலென் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். எகிப்தியச் செடியிலிருந்தும் அதே குடும்பத்துப் பொருளொன்று பிரிக்கப்பட்டது. அதைக்கொண்டு வெண்புள்ளி நோயாளருக்கு அளித்த சிகிச்சையின் பயனைக் கெய்ரோவிலிருந்த எல் மொவ்தி என்னும் வைத்தியர் 1948இல் வெளியிட்டார். இச்சொராலென் இருட்டிலே ஒரு சாதுவான பொருள். கலத்தின் கருவிலுள்ள பரம்பரை இழைகளுக்கிடையே போய்ப் பேசாமல் அமர்ந்திருக்கும். கழியூதாக் கதிர் வந்து தாக்கியதும் விழித்துக்கொண்டு, அந்த இழைகளைக் குறுக்கே பிணைத்துவிடும். தாக்கும் கலங்கள் அடங்குகின்றன. நிறக் கலங்கள் தூண்டப்படுகின்றன. 1974இல் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்து வைத்தியர்கள், மருந்து இத்தனை மில்லிகிராம், கதிர் இவ்வளவு என்று அளந்து கொடுத்து, காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிஸ் நோயை அடக்கிக் காட்டினர். அந்த ஆய்வை எழுதிய நால்வருள் மதுகர் பதக் என்னும் இந்தியரும் ஒருவர். நம் பாட்டன்மார் அரைத்துப் பூசிய விதையின் குடும்பம் இவ்வாறு பெரிய வைத்தியசாலைக்குள் நுழைந்தது.

அளந்து என்றோமே, அதிலேதான் எல்லாம் இருக்கிறது. அம்மியில் அரைத்த விதையிலே சொராலென் எவ்வளவு என்று எவருக்குத் தெரியும்? சித்திரை மாதத்து வெயிலிலே கதிர் எவ்வளவு என்று எந்தக் கடிகாரம் சொல்லும்? பூசிக்கொண்டு வெயிலில் நின்றவர்களுக்கு நெருப்புப் பட்டாற்போலக் கொப்புளம் எழும்புவதுண்டு. வெண்புள்ளி உள்ளவருடைய தோலில் காயமோ, சூடோ, ஓயாத உரசலோ ஏற்பட்டால், அந்த இடத்திலேயே புதிய வெள்ளை தோன்றக்கூடும். ஆகவே தாயாருக்கு அறிவுரை சொன்ன இருவரும் பாதி உண்மை பேசியவர்களே. சுடும் வெயில் வெள்ளையைப் பரப்பும். அளந்த ஒளி அதை மாற்றும்.

இங்கே நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. முகம் வெளுக்கட்டும் என்று தேசிக்காய்ப் புளியைப் பூசிக்கொண்டு முற்றத்தில் நிற்போர் உண்டு. தேசிக்காயின் தோலிலும் சொராலென் குடும்பத்துப் பொருள் இருக்கிறது! வெள்ளையைக் கறுப்பாக்கும் மருந்தின் உடன்பிறப்பை வெளுப்பதற்காகப் பூசினால் என்ன விளையும்? இரண்டொரு நாளில் எரிவு, பிறகு மாதக் கணக்கில் மறையாத கருந்தழும்பு. வெயிலில் இருந்து தேசிக்காய் பிழிந்த கைகளிலும் இதைக் காணலாம்.

சொராலென் முறைக்கும் ஒரு குறை பின்னர் வெளிப்பட்டது. பல ஆண்டுகள் அதைத் தொடர்ந்து பெற்ற வெள்ளையரிடையே ஒருவகைத் தோற் புற்றுநோய் அதிகமாகக் காணப்பட்டது. எனவே அறிஞர்கள் மருந்தே இல்லாமல் ஒளியை மாத்திரம் நம்பலாமா என்று ஆராய்ந்தார்கள். கழியூதாக் கதிரிலே நீண்ட அலை, குறுகிய அலை எனப் பலவுண்டு. அவற்றுள் 311 நனோமீற்றர் அளவை ஒட்டிய ஒரு சிறு பட்டையை மட்டும் வீசும் குழல் விளக்கு 1980களில் பயனுக்கு வந்தது. 1997இல் நெதர்லாந்து வைத்தியர்கள் அதை வெண்புள்ளிக்குப் பயன்படுத்தி, சொராலென் முறைக்கு அது குறைந்ததன்று என்று காட்டினர். மாத்திரை விழுங்கவேண்டியதில்லை; பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூட அதைக் கொடுக்கிறார்கள். இன்று உலகெங்கும் இம்முறையே முதலிடம் பெற்றிருக்கிறது.

நிறம் திரும்பும் விதம் பார்க்க இனிமையானது. திட்டு முழுவதும் ஒரேயடியாகக் கறுப்பதில்லை. ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் எள்ளுப் போல ஒரு கரும்புள்ளி முதலில் தோன்றும். தோலின் மேற்பரப்பில் நிறக் கலங்கள் அழிந்தாலும், மயிர்க்காலின் அடியில் சில ஒளிந்து பிழைத்திருக்கின்றன. ஒளி பட்டதும் அவை மெல்ல மேலேறி வந்து பரவுகின்றன. ஆகையால் மயிர் இல்லாத விரல் நுனியும் உதடும் எளிதில் மாறா. திட்டிலுள்ள மயிரும் நரைத்திருந்தால் நம்பிக்கை குறைவு. முகமே மற்றெல்லா இடங்களையும்விட நன்றாய்த் தேறும். கிழமைக்கு இரண்டு மூன்று தடவையாக, ஆறு மாதமாவது பொறுக்கவேண்டும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். ஆறாம் வாரத்தில் மனமுடைந்து நிறுத்திவிடுவோரே பலர். 2022இல் அமெரிக்க அரசு வெண்புள்ளிக்கென ருக்சோலிற்றினிப் என்னும் பூச்சு மருந்தையும் அனுமதித்தது. விலையோ நம்மவர் நெருங்கக்கூடியதன்று.

ஒளியை மருந்தாக்கிய பெருமை டென்மார்க்கு நாட்டு நீல்ஸ் பின்சென் என்பவருக்கு உரியது. தோலில் வரும் காசநோயைச் செறிந்த ஒளியால் குணப்படுத்தியதற்காக 1903இல் நோபல் பரிசு பெற்றார். அடுத்த ஆண்டே நாற்பத்து மூன்று வயதில் மறைந்தார். பிறந்த குழந்தையின் மஞ்சட் காமாலைக்கு நீல ஒளி காட்டும் வழக்கமோ இங்கிலாந்தில், 1950களில், வார்ட் என்னும் தாதியொருவரின் கூர்மையான கண்ணிலிருந்து பிறந்தது. வெயில் பட்ட குழந்தையின் தோலில் மஞ்சள் குறைந்திருப்பதை முதலில் கவனித்தவர் அவரே. தாதியின் பேச்சைக் கேட்கும் வைத்தியர்களும் அங்கே இருந்தார்கள் என்பதையும் மறத்தலாகாது.

வெண்புள்ளி இல்லாத மற்றவர்களுக்கு ஞாயிறு என்ன செய்கிறான்? கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று பலர் எண்ணுகிறோம். 1979இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கறுப்பரின் மேற்றோல் ஏறக்குறைய 13 மடங்கும், வெள்ளையரின் மேற்றோல் 3 மடங்கும் சூரிய எரிவைத் தடுக்கின்றன. நாம் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பவர்கள். ஹாவாட்டில் சொராலென் ஆய்வு நடந்தபோது, எவருக்கு எவ்வளவு கதிர் என்று தீர்மானிக்க பிற்ஸ்பற்றிக் என்னும் வைத்தியர் 1975இல் தோலை நான்கு வகையாகப் பிரித்தார்; நான்கும் வெள்ளைத் தோலுக்கே. மாநிறத்தாருக்கும் கறுப்பருக்கும் ஐந்தாம் ஆறாம் வகைகள் பின்னரே சேர்க்கப்பட்டன. உலகின் பெரும்பான்மையோர் பின்னிணைப்பில் இடம்பெற்ற கதை இது.

தோற் புற்றுநோய் நமக்கு அரிது. ஆனால் மங்கு படிதலும், கன்னம் கறுத்தலும், கண்ணிற் படலம் மூடுதலும் வெயிலோடு தொடர்புடையவையே. கண்ணாடியின் பின்னே இருப்போரும் தப்புவதில்லை. குறுகிய அலைக் கதிரைக் கண்ணாடி தடுத்தாலும் நீண்ட அலை உள்ளே புகுந்துவிடும். இருபத்தெட்டு ஆண்டுகள் லொறி ஓட்டிய ஒரு முதியவரின் படத்தை 2012இல் ஒரு மருத்துவ சஞ்சிகை வெளியிட்டது. ஜன்னல் பக்கமாகிய இடக்கன்னம் மாத்திரம் ஆழச் சுருங்கித் தொங்கியிருந்தது. நம் நாட்டில் வலக்கன்னத்தையும் வலக்கையையும் பார்க்கவேண்டும். வெயிலின் கொடுமையை அளக்கக் கருவி வேண்டியதில்லை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாய் இருக்கும் வேளையெல்லாம் கதிர் கடுமையானது. தலையில் ஓலைத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போதிய காப்பு. தோட்டவேலையை அதிகாலைக்கும் மாலைக்கும் ஒதுக்கிவைத்த நம் முன்னோர் இந்தக் கணக்கைப் படிக்காமலே அறிந்திருந்தனர்.

வெளுப்பதற்கென்று விற்கும் பூச்சுக்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பத்தி போதாது. பெயர் தெரியாத சில டப்பாக்களில் பாதரசம் இருக்கிறது. அது நிறத்தோடு சிறுநீரகத்தையும் கெடுக்கும். சிலவற்றில் ஸ்டெரோயிட் மருந்து கலந்திருக்கும். முதல் மாதம் பளபளப்பு, பின்னர் மெலிந்து சிவந்த தோல். கலியாணத்திற்கு மூன்று மாதம் இருக்கையில் இவற்றைத் தேடி ஓடும் பெண்களைவிட, அவர்களை ஓடச் செய்யும் மணமகன் வீட்டாரையே நாம் குறைகூறுவோம்.

கடிதம் எழுதிய தாயாருக்கு: மகளை வீட்டில் பூட்டிவைக்கவேண்டாம், கார்போகரிசியும் வேண்டாம். வெள்ளைத் திட்டு விரைவில் வெந்துவிடும் ஆதலால் நண்பகலில் சட்டைக் கையை நீட்டி விடுங்கள். போதனா வைத்தியசாலையின் தோல்நோய்ப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பஞ்சுத் துளியால் தொட்டு உணர்ச்சியைப் பார்ப்பார்கள். இருட்டறையிலே ஊதா விளக்கின் கீழ்க் கையைப் பிடிக்கச் சொல்வார்கள். வெண்புள்ளியானால் அது சுண்ணாம்பு போல ஒளிரும். சந்தேகம் அன்றே தீர்ந்துவிடும். கண்ணிமையோரத்துத் திட்டில் இமைமயிர் கறுத்திருக்கிறதா என்பதைப் போகுமுன் பார்த்து வையுங்கள். தைரொயிட் சுரப்பிக்கான இரத்தப் பரிசோதனையையும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளலாம். அச்சுரப்பியின் கோளாறும் வெண்புள்ளியும் சிலரிடம் சேர்ந்து வருவதுண்டு.