பெயரைப் பார்த்துப் பயப்பிடுறது ஆய்வில்லை

எதிரணி இளவாலை ஹென்றியரசர் எண்டோ, யாழ். பத்திரிசியார் எண்டோ தெரிஞ்சா, கிளிநொச்சியிலயும் முல்லைத்தீவிலயும் எங்கட பெடியள் பாதித் தோல்வியோடதான் பஸ் ஏறுறாங்கள். "உவங்கட அட்டாக் பயங்கரமாம், எல்லாரும் பின்னுக்கு நில்லுங்கோ." எதிரணியைப் பற்றி நாங்கள் செய்யிற ஆய்வு இவ்வளவுதான்.

போன மட்ச்சில எட்டுக் கோல் அடிச்சவங்கள் எண்டா, ஆருக்கு அடிச்சவங்கள்? விளையாடி அடிச்சதோ, கோணர் கிக்கிலயும் பெனல்டியிலயும் வந்ததோ? பந்து எந்தப் பக்கத்தால ஏறுது? அவங்கட முன்கள வீரனுக்கு இடது காலும் ஓடுமோ? கடைசிப் பதினைஞ்சு நிமிஷம் ஓடுறாங்களோ, நடக்கிறாங்களோ? இதுகளைக் கேட்காமல் ஓர் அணியின் தாக்குதல் பலத்தை மதிப்பிட முடியாது.

2022 நவம்பர் 22, கட்டார் உலகக் கிண்ணம். 36 ஆட்டங்களாகத் தோற்காத ஆர்ஜென்டினாவுக்கு எதிராகச் சவூதி அணி தன் கோல் கம்பத்தடியில் பதுங்கவில்லை. பின்வரிசையைத் துணிந்து முன்னுக்கு ஏற்றி நிறுத்தியது. முதற்பாதியில் மட்டும் ஆர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் ஓஃப்சைட் என்று நிராகரிக்கப்பட்டன. முடிவில் சவூதி 2–1 என வென்றது. மெஸ்ஸி அண்டைக்கும் மெஸ்ஸிதான்.

"எங்களிட்ட என்ன வசதி கிடக்கு?" எண்டு கேட்பியள். உண்மைதான். 2009க்குப் பிறகு எல்லாத்தையும் அடியில இருந்து தொடங்கின மண் இது. ஆனா ஒரு கொப்பிக்கும் பேனைக்குமா பஞ்சம்? அடுத்த அட்டவணை வந்த உடன, ஜேர்சிக்குக் காசு சேர்க்க முதல், ஏ9 வீதியால ரெண்டு பேரை அவங்கட மட்ச் பார்க்க அனுப்புங்கோ.