மழைக்கால விடியலும் பிள்ளைகளின் வெறும் வயிறும்



நம் நாட்டில் குளிர்காலம் ஏது என்று சிலர் கேட்கலாம். பனியும் இல்லை, கம்பளியும் வேண்டாம். ஆயினும், ஆண்டிறுதி மழையில் ஊறிய கிள்ளான் பள்ளத்தாக்கின் விடியலை அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். வெப்பமானி 23 பாகை காட்டினாலே நம் பிள்ளைகளுக்கு அது குளிர்தான். அதுவும் இருட்டில்! இந்த இருட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1982 சனவரி 1-ஆம் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. அன்று தொட்டு, ஆண்டின் தொடக்கத்தில் இங்குக் கதிரவன் எழுவதற்குக் காலை ஏழேகால் மணி கடந்துவிடுகிறது. பள்ளி மணியோ ஏழரையை ஒட்டியே அடித்துவிடுகிறது. வேனில் வரும் பிள்ளை ஆறு மணிக்கே வீட்டு வாசலில் நிற்கவேண்டும். 2026-இல் பள்ளித் தவணை மீண்டும் சனவரிக்கே திரும்பிவிட்டதால், முதலாம் ஆண்டுக் குழந்தை பள்ளிக்கு வரும் முதல் நாள்களும் இந்த ஈர விடியலில்தான் அமைகின்றன.

அக்குழந்தை என்ன உண்டு வருகிறது? ஒரு குவளை மைலோ, இரண்டு பிஸ்கட்டு. பலருக்கு அதுவும் இல்லை. ஓய்வு மணி வரை அந்த வயிற்றோடுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கவேண்டும், கழித்தல் கணக்குச் செய்யவேண்டும். முதல் பாடவேளையில் மேசைமேல் தலை சாய்க்கும் மாணவனைச் சோம்பேறி என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் யுனிசெப் நடத்திய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. அங்கு வாழும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றியும், 15 விழுக்காட்டினர் எடை குறைந்தும் இருப்பதை அது காட்டியது. வானளாவிய கோபுரங்கள் நிற்கும் தலைநகரில்தான் இந்த நிலை. அக்குழந்தைகளில் பலர் இப்போது தொடக்கப்பள்ளி வயதை எட்டிவிட்டனர்.

சூடான உணவு வேண்டும் என்று நான் வலியுறுத்துவதைச் சிலர் பாட்டி வைத்தியமாக எண்ணலாம். சூட்டில் மாயம் ஒன்றுமில்லை. சளி நச்சுயிரியால் வருவது. குளிர்ந்த நீர் அதை உண்டாக்குவதில்லை. என் காரணம் வேறு. சூடாக இருக்கும் உணவு பெரும்பாலும் சற்று முன் சமைத்த உணவு. அதில் பருப்பும் முட்டையும் காய்கறியும் சேர இடமுண்டு. உறையைக் கிழித்து உண்ணும் நொறுக்குத்தீனியில் அதற்கு இடமில்லை. மேலும், சமைத்த உணவை நான்கு மணி நேரத்திற்குள் உண்டுவிட வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் அறிவுரை. 60 பாகைக்குக் கீழே ஆறிக் கிடக்கும் உணவில் நோய்க்கிருமிகள் விரைந்து பெருகும். விடியற்காலை நான்கு மணிக்குக் கட்டிய நாசி லெமாக் பொட்டலத்தைப் பிள்ளை பத்து மணிக்குப் பிரித்தால் கணக்கு என்னாகிறது என்று பாருங்கள்.

வீட்டில் இதற்குப் பெரிய சமையல் தேவையில்லை. மார்கழி விடியலில் கோயிலில் பூசை முடிந்து கையில் தரும் வெண்பொங்கலை நினைத்துப் பாருங்கள். அரிசி, பாசிப்பருப்பு, மிளகு, சீரகம், இஞ்சி. அவ்வளவுதான். அரிசியையும் பருப்பையும் முதல்நாள் இரவே கழுவி ஆயத்தமாக வைத்தால் காலையில் மின்சார அரிசிப் பானையே வேகவைத்துவிடும். கஞ்சியில் ஒரு முட்டையை உடைத்துக் கலக்கினாலும் போதும். உணவைச் சூடு காக்கும் குடுவையில் கொடுத்தனுப்பினால் ஓய்வு நேரத்திலும் சூடாக உண்ணலாம். (வண்ணப் படம் போட்ட நெகிழிப் பெட்டிகளுக்குச் செலவிடும் பணத்தில் அத்தகைய குடுவை ஒன்றை வாங்கிவிடலாம் என்பது என் எண்ணம்.)

ஆனால், இரவுப் பணி முடிந்து காலையில் வீடு திரும்பும் தாயிடம் போய்ப் பொங்கல் வையுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அங்குதான் பள்ளியின் கடமை தொடங்குகிறது. வசதி குறைந்த மாணவர்களுக்கான கூடுதல் உணவுத் திட்டம், அதாவது ஆர்.எம்.தி., 1979 முதல் நடந்துவருகிறது. நல்ல திட்டம்தான். எனினும், "இவன் இலவசச் சாப்பாட்டுப் பிள்ளை" என்ற அடையாளம் ஒட்டிக்கொள்வதால் தட்டை வாங்கக் கூசும் பிள்ளைகளும் உள்ளனர். எல்லா மாணவர்க்கும் இலவசக் காலை உணவு என்று 2019-இல் கல்வியமைச்சு அறிவித்தபோது மகிழ்ந்தேன். 2020 சனவரியில் அது 100 பள்ளிகளில் மட்டுமே தொடங்கியது. மார்ச்சு மாதம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பள்ளிகளே மூடப்பட்டன.

தமிழ்நாடு அந்த வழியில் நெடுந்தொலைவு சென்றுவிட்டது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டு 25-இல் 31,008 அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிவடைந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று அன்றன்று சமைத்த உணவு, சூடாக, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை அனைவருக்கும். ஏழை யார் என்று பட்டியல் எடுக்கவில்லை. அதனால் கூச்சத்திற்கும் இடமில்லை.

அரசு செய்யட்டும் என்று நாம் காத்திருக்கத் தேவையில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சிற்றுண்டிச்சாலை நடத்துநரும் மனம் ஒத்தால், மழை மிகுந்த மாதங்களிலாவது ஏழு மணிக்கு ஒரு பெரிய பானைக் கஞ்சி வைக்கமுடியும். வாரம் இரண்டு நாளில் தொடங்கினாலும் போதும். பெயர்ப்பட்டியல் மட்டும் வேண்டாம். வரிசையில் நிற்கும் எந்தப் பிள்ளைக்கும் ஓர் அகப்பை ஊற்றுங்கள். ஆசிரியர்களும் அதே வரிசையில் நின்று வாங்கி உண்ணலாம்.