வெட்டிய வயிறு ஆற வேண்டும்
எங்கள் ஊர் வழக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குத் துடக்கின் பெயரிலாவது 31 நாள் ஓய்வு கிடைத்தது. இடம்பெயர்ந்த வாழ்வில் அதுவும் போய்விட்டது. தாயும் மாமியும் அயலவரும் வெவ்வேறிடம் சிதறியிருக்க, சிசேரியன் செய்துவந்தவள் சில நாட்களிலேயே தண்ணீர்க்குடம் தூக்குகிறாள். வெளிக்காயம் காய்ந்தாலும் வயிற்றின் உட்படைகளும் கருப்பையும் ஆற 6 வாரமாவது வேண்டும்.

ஓய்வென்பது அசையாமல் கிடப்பதன்று. அப்படிக் கிடந்தால் காலில் இரத்தம் உறையலாம். முழங்காலை மடித்து மல்லாந்து படுத்து, மூக்கால் மெல்ல மூச்சிழுத்து, வாயால் மெதுவாக விடவேண்டும். ஐந்து தடவை போதும். பாதங்களை மேலும் கீழும் அசைக்கவேண்டும். பின் நெற்றி, தாடை, தோள், கை என ஒவ்வொன்றாகத் தளர்த்தவேண்டும். இருமும்போது தலையணையைக் காயத்தோடு அணைத்துப் பிடிக்கலாம். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது மற்றப் பயிற்சிகளைக் கேட்டறியுங்கள். காய்ச்சல், சீழ், அதிக இரத்தப்போக்கு, கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல் கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

இதற்குக் காசு வேண்டாம். நாளுக்கு இரண்டு மூன்று தடவை பத்து நிமிடம் வேண்டும். அதைத் தாய் தானாக எடுத்துக்கொள்ள மாட்டாள், வீட்டார்தான் கொடுக்கவேண்டும். காலபோகம் வெட்டிய வயலைக்கூட ஆறவிடுகின்ற நாம், பிள்ளையைத் தந்த உடலை ஆறவிடாதிருப்பது நியாயமா? தண்ணீர் சுமப்பதில் ஆண்களுக்கு வெட்கமில்லை. அந்த 6 வாரமும் கணவர் சைக்கிளில் தண்ணீர்க் கானைக் கட்டட்டும். இதுவும் குடும்பத்தைக் கட்டியெழுப்பும் பணியே.