வாட்டி எடுத்த பூசணி

ஒக்ரோபர் வந்தால் ஒன்ராறியோவில் வாசற்படிதோறும் பூசணிக்காய் ஏறி உட்கார்ந்துவிடும். கண்ணும் பல்லும் வெட்டி உள்ளே விளக்கு வைப்பார்கள். ஹலோவீன் முடிந்த கையோடு அது அழுகத் தொடங்கும். அந்தக் காயை நான் சமையலுக்குச் சேர்ப்பதில்லை. செதுக்குவதற்கென்றே வளர்த்த இனம் அது. சதை குறைவு, நாரும் தண்ணீரும்தான் கூட. சூப்புக்கு உரியவை சந்தையில் பக்கத்துப் பெட்டியில், ஒருவரும் படம் பிடிக்காமல் கிடக்கும்: பட்டர்நட், பட்டர்கப், கபோச்சா.

நம்மவர்கள் பலர் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். விமானமேறி வந்து, றப்பர் போல வளைகிற முருங்கைக்காய்க்குக் கேட்ட விலையைக் கொடுப்போம். மண்நிறத் தோலும் நீண்ட கழுத்துமாகக் கிடக்கும் பட்டர்நட்டை வெள்ளைக்காரச் சாமான் என்று ஒதுக்குவோம். ஆனால் அதுவும் ஊரில் நாங்கள் பால்விட்டுக் கறிவைத்த பூசணியும் ஒரே இனம், தாவரவியலில் குக்கர்பிட்டா மொஸ்காட்டா. பட்டர்நட் 1940களில் மாசசூசெட்ஸில் உருவான வகை, அவ்வளவுதான் வித்தியாசம். பூசணிக்குப் பிறந்த வீடே அமெரிக்கக் கண்டம். யாழ்ப்பாணத்துக்கு வந்ததுதான் அதன் புலம்பெயர்வு. பிரெஞ்சு நாடுகாண் பயணி சாம்ப்ளேன் 1615இல் ஜோர்ஜியன் விரிகுடாப் பக்கம் வெண்டாட் மக்களின் ஊர்களுக்குப் போனபோது, அங்கே சோளமும் பூசணியும் சூரியகாந்தியும் விளைந்துகொண்டிருந்தன. "இஞ்ச ஊர் மரக்கறி எங்கே கிடைக்குது?" என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

காயைத் தேர்வதில் அவசரம் கூடாது. நகத்தால் அழுத்தினால் தோலில் தடம் விழக்கூடாது. காம்பு காய்ந்து, காயோடு ஒட்டியபடி இருக்கவேண்டும். காம்பு முறிந்த இடத்தால்தான் அழுகல் உள்ளே போகும். உறைபனி விழுமுன் பறித்து, சூடான இடத்தில் பத்து நாள்வரை வைத்துத் தோலை இறுகவிடுவார்கள் விவசாயிகள். பறித்த கையோடு சமைத்தால் மாச்சத்துத்தான் தூக்கலாக இருக்கும். சில வாரம் கிடந்தால் அந்த மா மெல்லமெல்லச் சீனியாக மாறும். அதனால் ஒக்ரோபரில் வாங்கிய காய்க்கு நவம்பரில்தான் உண்மையான ருசி வரும். குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும் முழுக்காயை வைக்காதீர்கள். 10 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் அது பழுதாகத் தொடங்கும். பேஸ்மன்றில் ஈரமில்லாத ஒரு மூலை போதும்.

இனி அடுப்பு. பூசணியை வெட்டித் தண்ணீரில் அவித்துக் கடைந்தால் அதுவும் சூப்தான், ஆஸ்பத்திரிச் சூப். பட்டர்நட்டை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, விதையையும் குடலையும் வழித்தெடுங்கள். அவற்றை எறியவேண்டாம். வெட்டுமுகத்தில் எண்ணெயும் உப்பும் தடவி, முகம் தட்டில் படும்படி கவிழ்த்து, 400 பாகை பாரன்ஹீற் சூட்டில் அவணுக்குள் வைக்கவேண்டும். பக்கத்திலேயே நாலாகப் பிளந்த வெங்காயம், தோலோடு ஒரு முழு உள்ளி, விதை நீக்கிய அப்பிள் ஒன்று. முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். உள்ளியும் அப்பிளும் முந்திவிடும், அவற்றை முதலில் எடுத்துவிடலாம். பூசணியின் கழுத்துப் பக்கம் கத்தி தடையில்லாமல் இறங்கினால் சரி. தோல் சுருங்கிக் கொப்புளித்திருக்கும். திருப்பிப் பார்த்தால் வெட்டுமுகத்தின் ஓரமெல்லாம் பழுப்பேறி, தட்டில் கறுப்புப் பாகு ஒட்டியிருக்கும். அந்தப் பாகுதான் சங்கதி. அரைக் கோப்பை கொதிதண்ணீர் ஊற்றி மரக்கரண்டியால் சுரண்டி, ஒரு சொட்டு விடாமல் சட்டிக்குள் சேருங்கள்.

அவண் வேலை செய்யும்போதே, வழித்தெடுத்த குடலையும் விதையையும் லீக்ஸின் பச்சைத் தலைப்பையும் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடித்தால் சாறு தயார். கடைச் சாற்றுக்கட்டி தேவையில்லை. லீக்ஸின் வெள்ளைப் பகுதியை மண்போகக் கழுவி, வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, வாட்டிய எல்லாவற்றையும் தோல் நீக்கிச் சாற்றோடு சேர்த்து ஒரு கொதி வந்ததும் அரைத்தால் முடிந்தது.

அப்பிள் எதற்கு என்று கேட்பார்கள். பூசணியின் இனிப்பு தனியே நின்றால் மூன்றாவது கரண்டியில் திகட்டும். புளிப்பு ஒன்று வேண்டும். தேசிக்காய் இங்கே விளைவதில்லை, மக்கின்ரோஷ் அப்பிள் விளைகிறது. 1811இல் இதே மாகாணத்தின் கிழக்கே, டண்டெலா என்ற சிற்றூரில் கண்டெடுத்த மரத்தின் வம்சம் அது. சூடு கண்டதும் கரைந்துவிடும், சூப்புக்கு அதுதானே தேவை. வெங்காயம் ஹொலண்ட் மார்ஷ் கரிமண்ணில் விளைந்தது; நெடுஞ்சாலை 400 அந்தத் தோட்டங்களை ஊடறுத்துத்தான் வடக்கே போகிறது. உள்ளூரில் விளைந்ததைத் தவிர வேறொன்றும் உண்ணேன் என்று விரதம் எடுத்தவன் இல்லை நான். மிளகு எங்கே விளைகிறது என்று எனக்கும் தெரியும், கடைசியில் அதைத் தாராளமாகவே தூவுகிறேன்.

எனக்குப் பொறுக்காத ஒன்று உண்டு. உணவகங்களில் 'கறி' சேர்த்த பூசணிச் சூப் என்று ஒன்று தருகிறார்கள். மஞ்சள் தூளையும் தேங்காய்ப்பாலையும் கொட்டினால் நாங்கள் உருகிவிடுவோம் என்று நினைப்பு. தூள் வதங்காமல் பச்சையாக நாக்கில் நிற்கும், வாட்டிய வாசனை செத்துப்போயிருக்கும். தேங்காய்ப்பால் கறிக்குப் போகட்டும். இதற்கு மேலே வெண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த சேஜ் இலை நாலைந்து போதும். உறைப்பில்லாமல் ஒன்றும் இறங்காதென்றால் அதே வெண்ணெயில் ஒரு செத்தல் மிளகாயைக் கிள்ளிப் போடலாம், அதற்கு மேல் என்னால் இறங்கிவர முடியாது.

மிஞ்சினால் அடுத்த நாள் இறுகிப்போகும். சுடுதண்ணீர் விட்டு இளக்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அதை இளக்காமல் அப்படியே பிட்டோடு குழைத்துச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.